இடம் மாறும் எதிரணி

ஜொகூர் மாநிலத்தின் நகரங்களில் மாலை வேளையில் பூப்பந்து அரங்குகளின் பக்கம் செல்வோர் அண்மைக் காலமாக ஒரு புதிய ஓசையைக் கேட்கின்றனர். துளைகள் நிறைந்த நெகிழிப் பந்து மட்டையில் மோதும் 'டொக் டொக்' என்னும் ஓசை அது. பூப்பந்துக்கென வரையப்பட்ட கோடுகளுக்கு மேல் வேறு நிறத்தில் புதிய கோடுகள் தெரிகின்றன. வலையும் தாழ்ந்திருக்கிறது. பள்ளி மாணவர்களும் பணி முடிந்து வந்த பெரியவர்களும் ஒரே களத்தில் ஆடுகின்றனர். அந்த ஆட்டத்தின் பெயர் பிக்கல்பால்.

பூப்பந்து அரங்கில் இந்த ஆட்டம் குடிபுகுந்ததில் வியப்பொன்றும் இல்லை. பிக்கல்பால் பிறந்ததே ஒரு பூப்பந்து ஆடுகளத்தில்தான். 1965ஆம் ஆண்டு அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் உள்ள பெயின்பிரிட்ஜ் தீவில் ஜோவெல் பிரிச்சர்ட், பில் பெல், பார்னி மெக்கல்லம் ஆகிய மூவர் இதனை உருவாக்கினர். பிரிச்சர்டின் வீட்டில் பழைய பூப்பந்து ஆடுகளம் ஒன்று இருந்தது. ஆனால், ஆடுவதற்குத் தேவையான மட்டைகள் கிடைக்கவில்லை. எனவே, மேசைப்பந்து மட்டைகளையும் துளையிட்ட நெகிழிப் பந்தையும் கொண்டு ஆடத் தொடங்கினர். அதனால்தான் இன்றும் பிக்கல்பால் ஆடுகளம் பூப்பந்து இரட்டையர் ஆடுகளத்தின் அளவிலேயே இருக்கிறது. அதன் நீளம் 13.41 மீட்டர், அகலம் 6.10 மீட்டர்.

பிக்கல்பாலை ஒரு மணி நேரத்தில் கற்றுக்கொள்ளலாம். ஆனால், இரட்டையர் ஆட்டத்தில் வெல்லக் கற்பது அவ்வளவு எளிதன்று. கையின் வலிமையைவிடக் கவனமும் இணையின் ஒற்றுமையும் அங்கே அதிகம் சோதிக்கப்படுகின்றன. எதிரணியினர் அடிக்கடி இடம் மாறி ஆடும்போது அந்தச் சோதனை இன்னும் கடுமையாகிறது.

இடம் மாறுவது எப்படி முடிகிறது என்பதை அறிய, முதலில் ஆட்ட விதிகளைப் பார்க்க வேண்டும். சர்வீஸ் போடுபவர் இடுப்புக்குக் கீழிருந்து பந்தைத் தட்டி, எதிர்ப்பக்கத்திற்குக் குறுக்காக அனுப்ப வேண்டும். சர்வீஸ் பந்து எதிரணியின் பக்கம் ஒருமுறை தரையில் பட்டு எழ வேண்டும். அது திரும்பி வரும்போது சர்வீஸ் போட்ட அணியின் பக்கமும் ஒருமுறை தரையில் பட வேண்டும். அதன் பிறகே பந்தைத் தரையில் படாமல் அடிக்கலாம். வலையின் இருபுறமும் 2.13 மீட்டர் வரை ஒரு தனிப்பகுதி உண்டு. அதனை ஆட்டக்காரர்கள் 'கிச்சன்' என்று செல்லமாக அழைக்கின்றனர். அதற்குள் நின்றுகொண்டு, தரையில் படாத பந்தை அடிக்கக் கூடாது. வழக்கமான ஆட்டத்தில் சர்வீஸ் போடும் அணிக்கு மட்டுமே புள்ளி கிடைக்கும். 11 புள்ளிகளை முதலில் எட்டி, 2 புள்ளி முன்னிலையும் பெறும் அணி வெற்றி பெறும்.

யார் எங்கே நிற்க வேண்டும் என்பதைப் புள்ளிகளே முடிவு செய்கின்றன. ஆட்டத்தின் தொடக்கத்தில் ஓர் அணியில் முதலில் சர்வீஸ் போட்டவர், அவ்வணியின் புள்ளி இரட்டைப்படை எண்ணாக இருக்கும்போது வலப்பக்கத்திற்கு உரியவர். ஒற்றைப்படை எண்ணாக இருக்கும்போது இடப்பக்கத்திற்கு உரியவர். இதில்தான் ஒரு நுட்பம் இருக்கிறது. சர்வீஸ் போடுபவரும் அதனை எதிர்கொள்பவரும் மட்டுமே தமக்குரிய பக்கத்தில் நிற்க வேண்டும். அவர்களுடைய துணை ஆட்டக்காரர்கள் தங்கள் பக்கத்தில் எங்கு வேண்டுமானாலும் நிற்கலாம். பந்து புறப்பட்ட பிறகு எல்லாருமே எங்கு வேண்டுமானாலும் ஓடலாம்.

இந்த உரிமையைப் பயன்படுத்தி இருவரும் ஒரே பக்கத்தில் நின்று தொடங்குவர். சர்வீஸ் முடிந்த கையோடு ஒருவர் மறுபக்கத்திற்கு நகர்ந்துவிடுவார். இதனை 'ஸ்டேக்கிங்' என்பர். அமெரிக்காவின் புகழ்பெற்ற பிக்கல்பால் சகோதரர்களான பென் ஜான்ஸ், கொலின் ஜான்ஸ் இணையராக ஆடிய காலத்தில், பென் இடப்பாதியிலும் கொலின் வலப்பாதியிலும் நின்று ஆடுவதே வழக்கம். புள்ளிகள் எப்படி மாறினாலும் தத்தம் பாதியைத் தக்கவைத்துக்கொள்ள இந்த உத்தி உதவுகிறது.

ஒரு பாதியை விடாமல் பற்றிக்கொள்வதில் என்ன நன்மை? வலக்கை ஆட்டக்காரர் ஒருவர் இடப்பாதியில் நின்றால், நடுக்கோட்டை நோக்கி வரும் பந்தை அவர் முன்கையால் அடிக்கலாம். பெரும்பாலோருக்கு முன்கை அடியே வலிமையானது. இணையில் ஒருவர் இடக்கை ஆட்டக்காரராக இருந்தால் நன்மை இரு மடங்காகும். அவர் வலப்பாதியிலும் வலக்கை ஆட்டக்காரர் இடப்பாதியிலும் நிற்கும்போது, இருவரின் முன்கையும் நடுவில் சேர்கின்றன. அவர்கள் பக்கம் மாறி நின்றாலோ இருவரின் பின்கையும் நடுவில் சேர்ந்துவிடும். அந்த நிலை வந்துவிடக் கூடாது என்றே அவர்கள் ஒவ்வொரு சர்வீஸுக்கும் ஓடி ஓடி இடம் மாறுகின்றனர்.

இத்தகைய இணையை முதன்முதலாக எதிர்கொள்பவர்களின் நிலையை எண்ணிப் பார்க்கலாம். ஜொகூர் பாருவில் ஓர் அக்காவும் தம்பியும் சேர்ந்து ஆடுவதாக வைத்துக்கொள்வோம். எதிரில் நடுத்தர வயதைக் கடந்த இரு பெரியவர்கள். ஓட்டத்தில் தம்பிக்கு அவர்கள் ஈடாக மாட்டார்கள். இருப்பினும், புள்ளிகள் 0–5 என்று அவர்கள் பக்கமே சாய்ந்துகொண்டு போகின்றன.

"அந்த அங்கிள் இந்தப் பக்கம்தானே நின்றார், அக்கா! எப்படி அதற்குள் அங்கே போனார்?" என்று தம்பி திகைக்கிறான்.

"நீ அவரைப் பார்த்துக்கொண்டு பந்தை விட்டுவிட்டாய். நடுவில் வந்தது உன்னுடைய பந்து," என்கிறாள் அக்கா.

"என்னுடையதா? நீங்கள்தான் எடுப்பீர்கள் என்று நினைத்தேன்."

அடுத்த பந்தை அக்காவே தாவி எடுக்கிறாள். அதற்கடுத்த பந்தும் தம்பிக்குரியதுதான். அதையும் அவளே ஓடிச் சென்று அடிக்கிறாள். இப்போது தம்பி மட்டையைத் தாழ்த்திக்கொண்டு ஓரமாக நிற்கிறான். அவள் விட்டுச்சென்ற இடம் காலியாகக் கிடக்கிறது. எதிரணி பந்தை அங்கே மெதுவாகத் தட்டிவிடுகிறது. இடம் மாறியவர்கள் எதிரணியினர்; இடம் தவறியவர்களோ இவர்கள். ஊர் இரண்டுபட்டால் கூத்தாடிக்குக் கொண்டாட்டம் என்பது இங்கே கண்கூடாகத் தெரிகிறது.

இந்த நிலையிலிருந்து மீள வழி உண்டு. திருக்குறளில் வலியறிதல், காலமறிதல், இடனறிதல் என மூன்று அதிகாரங்கள் அடுத்தடுத்து அமைந்துள்ளன. மன்னனின் போர்முறைக்குச் சொன்ன அந்த வரிசை, 6.10 மீட்டர் அகலமுள்ள ஆடுகளத்திற்கும் பொருந்துகிறது.

முதலாவது, எதிரணியின் வலிமையை அறிதல். ஓர் இணை மெனக்கெட்டு இடம் மாறுகிறது என்றால் அதற்கு ஒரு காரணம் இருக்கும். அவர்கள் எதைக் காக்கிறார்கள் என்று பார்த்தால், எதை மறைக்கிறார்கள் என்பதும் தெரிந்துவிடும். இருவரின் முன்கையும் நடுவில் இருந்தால், இருவரின் பின்கையும் பக்கக்கோடுகளின் ஓரத்தில் இருக்கும். அவர்களிடம் நடுவில் பந்தைக் கொடுப்பது விருந்து வைப்பதற்குச் சமம். ஓரங்களில் கொடுப்பதே அறிவுடைமை. இருவரும் வலக்கை ஆட்டக்காரர்களாக இருந்து, வலிமையானவர் இடப்பாதியில் நின்றால், அவருடைய பின்கை இடப்பக்கக் கோட்டின் ஓரத்தில் இருக்கும். முதல் சில பந்துகளிலேயே இதனைக் கவனித்து, இணையிடம் ஒரு சொல்லில் தெரிவித்துவிட வேண்டும்.

இரண்டாவது, காலத்தை அறிதல். ஓடிக்கொண்டே பந்தைச் செம்மையாக அடிப்பது கடினம். இடம் மாறுபவர் எப்போது ஓடுவார் என்பது முன்கூட்டியே தெரிந்த ஒன்று. சர்வீஸ் போடும் அணி மாறுகிறது என்றால், சர்வீஸ் போட்டவுடன் ஓட்டம் தொடங்கும். அப்போது பந்தை ஆழமாக, பின்கோட்டுக்கு அருகில் விழுமாறு திருப்பி அனுப்ப வேண்டும். அந்தப் பந்து தரையில் பட்டு எழும்வரை அவர்கள் காத்திருந்தே ஆக வேண்டும் என்பது விதி. ஆழமான பந்து அவர்களைப் பின்னாலேயே நிறுத்திவைக்கும். சர்வீஸை எதிர்கொள்ளும் அணி மாறுகிறது என்றால், பந்தைத் திருப்பி அடித்தவர் வலையை நோக்கியும் மறுபாதியை நோக்கியும் ஒரே நேரத்தில் குறுக்காக ஓட வேண்டியிருக்கும். அவருக்குச் சர்வீஸ் போடும்போது பக்கக்கோட்டின் ஓரமாகவும் ஆழமாகவும் போட்டால், அவர் ஓட வேண்டிய தொலைவு நீளும். அடுத்த பந்தை, அவர் ஓடி முடிப்பதற்குள் அவரிடமே அனுப்பலாம்.

மூன்றாவது, இடத்தை அறிதல். சர்வீஸ் போடும்போது இருவரும் ஒரே பாதியில் நின்றால், மறுபாதி அந்த நொடியில் காலியாக இருக்கும். ஆளைப் பார்ப்பவருக்குக் குழப்பம் மிஞ்சும். களத்தைப் பார்ப்பவருக்கு அந்தக் காலியிடம் தெரியும். இடனறிதல் அதிகாரத்தில் வள்ளுவர் முதலையை உவமையாகக் காட்டுகிறார். ஆழமான நீரில் இருக்கும் முதலை பிற விலங்குகளை வெல்லும். நீரைவிட்டு வெளியே வந்தாலோ அவை முதலையை வென்றுவிடும். எதிரணியின் வலிமை மிக்க ஆட்டக்காரரும் தமக்குப் பிடித்த இடத்தில் இருக்கும்வரைதான் முதலை. அவரை அங்கிருந்து வெளியே இழுக்கும் பந்தே சிறந்த பந்து.

இடம் மாறும் அணிக்கு இன்னொரு சுமையும் உண்டு. எத்தனை முறை ஓடினாலும், அடுத்த சர்வீஸுக்கு யார் எந்தப் பக்கம் நிற்க வேண்டும் என்பதை அவர்கள் நினைவில் வைத்திருக்க வேண்டும். தவறான ஆள் சர்வீஸ் போட்டாலோ தவறான பக்கத்திலிருந்து போட்டாலோ அது பிழையாகும். இதற்காகவே போட்டிகளில் முதல் சர்வீஸ் போடுபவர் அடையாளமாகக் கையில் ஒரு பட்டை அணிந்துகொள்கிறார். எதிரில் நிற்பவரும் புள்ளியை மனத்தில் வைத்திருந்தால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். சர்வீஸ் போடுபவர் அடுத்து எங்கிருந்து போடுவார், யாருக்குப் போடுவார் என்பதைப் புள்ளிகளே சொல்லிவிடும்.

சில இணையர் இன்னும் ஒரு படி மேலே செல்கின்றனர். வலையருகே நிற்பவர் தம் கையை முதுகுக்குப் பின்னால் வைத்துத் துணைக்குச் சைகை காட்டுவார். கையை விரித்தால் 'மாறலாம்', மூடினால் 'மாற வேண்டா' என்பது போல் அவர்களுக்குள் ஓர் உடன்பாடு இருக்கும். எதிரணி அவர்கள் மாறுவார்கள் என்று எண்ணிக் காலியிடத்தில் அடித்தால், அங்கே ஆள் நின்றுகொண்டிருப்பார். எனவே, ஊகத்தை நம்பி எல்லாப் பந்தையும் ஒரே இடத்திற்கு அனுப்புவதும் ஆபத்துதான். ஐயம் எழும்போது ஆழமாக அடிப்பதே பாதுகாப்பானது. அவர்கள் மாறினாலும் மாறாவிட்டாலும் ஆழமான பந்து ஆழமான பந்துதான்.

இடம் மாறும் எதிரணி பிக்கல்பாலில் மட்டும் காணப்படுவதன்று. பூப்பந்து இரட்டையர் ஆட்டத்திலும் இணையர் தாக்கும்போது முன்னும் பின்னுமாகவும், தற்காக்கும்போது பக்கவாட்டிலும் மாறி மாறி நிற்கின்றனர். 2006ஆம் ஆண்டு தோஹா ஆசிய விளையாட்டுப் போட்டியில் தங்கம் வென்ற நம் நாட்டு இணையரில், கூ கியன் கியாட் வலக்கை ஆட்டக்காரர். தான் பூன் ஹியோங் இடக்கை ஆட்டக்காரர். கை மாறிய இணையரை எதிர்கொள்வது எவ்வளவு கடினம் என்பதை அன்று எதிரணிகள் உணர்ந்தன. பத்து ஆண்டுகளுக்குப் பிறகு, அதே சோதனை ஜொகூரைச் சேர்ந்த ஒருவருக்கு வந்தது.

ஜொகூரின் மூவாரில் பிறந்த தான் வீ கியோங், 2016ஆம் ஆண்டு ரியோ ஒலிம்பிக் போட்டியில் கோ வி ஷெம்முடன் இணைந்து ஆடினார். காலிறுதியில் அவர்கள் தென்கொரியாவின் லீ யோங் டே, யூ யியோன் சியோங் இணையைச் சந்தித்தனர். முதல் ஆட்டத்தை 17–21 என இழந்த மலேசிய இணை, அடுத்த இரண்டையும் 21–18, 21–19 எனக் கைப்பற்றியது. ஆகஸ்டு 19ஆம் நாள் நடந்த இறுதியாட்டத்தில் சீனாவின் ஃபு ஹைஃபெங், ஸாங் நான் எதிரில் நின்றனர். ஃபு ஹைஃபெங் இடக்கை ஆட்டக்காரர். பின்களத்திலிருந்து இடியென ஸ்மாஷ் அடிப்பவர். ஸாங் நான் வலைக்கு அருகில் ஆடுவதில் வல்லவர். இருவரும் தத்தமக்குப் பிடித்த இடத்தில் நிலைகொண்டுவிட்டால் அவர்களை அசைப்பது அரிது.

ஒலிம்பிக்கில் அதுவரை மலேசியா ஒரு தங்கப் பதக்கம்கூட வென்றதில்லை. அந்த எதிர்பார்ப்பின் பாரத்தோடு களமிறங்கிய மலேசிய இணை முதல் ஆட்டத்தை 21–16 என வென்றது. இரண்டாவது ஆட்டத்தில் 11–21 எனத் தோற்றது. அப்படித் தோற்ற பின் மனம் உடைந்து, ஒருவரையொருவர் நொந்துகொண்டு ஆட்டத்தை விட்டுவிடுவது எளிது. தானும் கோவும் அப்படிச் செய்யவில்லை. மூன்றாவது ஆட்டம் 20 புள்ளிகளைத் தாண்டி நீண்டது. இறுதியில் 21–23 என முடிந்தது. மலேசியாவுக்கு வெள்ளிப் பதக்கம் கிடைத்தது. தங்கத்துக்கும் வெள்ளிக்கும் இடையே நின்றவை 2 புள்ளிகள்தாம். ஆனால், 11–21 என வீழ்ந்தவர்கள் 21–23 வரை எழுந்து வந்த அந்தத் தொலைவு, அந்த 2 புள்ளிகளைவிடப் பெரியது.

உத்திகள் அனைத்தையும் கற்ற பிறகும், இரட்டையர் ஆட்டத்தில் ஒன்று எஞ்சியிருக்கிறது. அதுதான் இணையருக்கிடையே நடக்கும் பேச்சு. 'எனக்கு', 'உனக்கு', 'விடு', 'பின்னால்' என்னும் ஒற்றைச் சொற்கள், பந்து வருவதற்கு முன் சொல்லப்பட்டால் உதவி. பந்து விழுந்த பிறகு சொல்லப்பட்டால் அவை குற்றச்சாட்டு. சொல் ஒன்றுதான், சொல்லும் நேரமே அதன் பொருளை மாற்றிவிடுகிறது. நடுவில் வரும் பந்து யாருக்கு உரியது என்பதை ஆட்டம் தொடங்குவதற்கு முன்பே பேசி முடிவு செய்துவிட்டால், பாதிச் சண்டைக்கு இடமே இருக்காது.

இணையில் ஒருவர் வலிமையானவராகவும் மற்றவர் கற்றுக்குட்டியாகவும் இருப்பது இயல்பு. எதிரணி பந்தையெல்லாம் கற்றுக்குட்டியின் பக்கமே அனுப்பும். அப்போது வலிமையானவர் எல்லாப் பந்தையும் தாமே எடுக்கத் துடிப்பார். ஒருமுறை, இருமுறை அது பலன் தரலாம். ஆனால், தம் இடத்தில் நிற்க விடப்படாதவர் மெல்ல மெல்ல வெறும் பார்வையாளராகிவிடுவார். அதன் பிறகு அந்த அணியில் இருப்பது ஒருவர்தான்; எதிரில் இருப்பவர்களோ இருவர். நேரில் வரும் பந்தைத் துணையிடமே விட்டுவிட்டு, "நீ அடி, நான் பக்கத்தில் இருக்கிறேன்," என்று சொல்வதற்கு நல்ல கையைவிட நல்ல மனம் வேண்டும்.

எதிரணி எத்தனை முறை வேண்டுமானாலும் இடம் மாறட்டும். அவர்களைத் தடுக்க விதியில் இடமில்லை; தடுக்க வேண்டிய தேவையும் இல்லை. புள்ளியை நினைவில் வைத்து, காலியிடத்தைக் கண்டு, பந்தை ஆழமாக அனுப்பிவிட்டுத் தம் இடத்துக்குத் திரும்பி நிற்கும் இருவரை அந்த ஓட்டம் குழப்பாது. பக்கத்துப் பாதியில் நிற்பவர் தம் பந்தைத் தாமே பார்த்துக்கொள்வார் என்னும் நம்பிக்கை ஒருவருக்கு இருந்தால், அவருடைய கண் முழுவதுமாகப் பந்தின்மீதே இருக்கும்.